ஒரு தொட்டித் தண்ணீர்

சேத்தூர் சாலையில் மாசி வெயில் சாய்கிறது. அறுப்பு முடிந்த வயல்களைத் தேடி வருஷாவருஷம் வருகிற முந்நூறு செம்மறிகள் புழுதியைக் கிளப்பிக்கொண்டு நகர்கின்றன. எந்த வயலில் கிடை போட்டு ராத்தங்குகின்றனவோ அந்த வயலுக்கு அம்புட்டுப் புழுக்கையும் உரம். போன வருஷம் அடுத்த வயல்காரர் முந்திக்கொண்டார். இந்த வருஷம் சுடலையம்மாள் மூன்று நாளாக மந்தை வரும் வழியை விசாரித்து, தன் வயலின் சாலையோர வரப்பில் பிளாஸ்டிக் தொட்டி நிறையத் தண்ணீர் பிடித்து, பக்கத்தில் வாகைக் குழையை வெட்டிப் போட்டுவிட்டு, கணவர் பால்சாமியோடு டிராக்டருக்குப் பின்னால் பதுங்கியிருக்கிறாள். "கீதாரிகிட்ட ஒரு வார்த்த கேட்டுருவமா?" என்கிறார் அவர். "சும்மா இருங்க. மனுசன்னா யோசிப்பான். ஆடு யோசிக்காது." சாலையில் மந்தையை ஓட்டிவரும் கீதாரி, கம்பைக் கக்கத்தில் இடுக்கியபடி, செல்போனில் சத்தமாகப் பேசிக்கொண்டு வருகிறார்: "வாரேன் அண்ணாச்சி, இன்னைக்கு ஒங்க வயல்லதான் கிடை." முன்னால் போகும் மணி கட்டிய கிடாய் நிற்கிறது, மூக்கைத் தூக்குகிறது, வரப்பில் இறங்குகிறது. பின்னாலேயே மொத்த மந்தையும் சரிந்து இறங்குகிறது. தொட்டியைச் சுற்றி ஒரே முட்டலும் உறிஞ்சலும். சுடலையம்மாள் முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு குலுங்குகிறாள். கீதாரி காலியான சாலையைப் பார்க்கிறார், நிறைந்த வயலைப் பார்க்கிறார், போனை மறுபடி காதில் வைக்கிறார். "அண்ணாச்சி, நாளைக்கு வாரேன். இன்னைக்கு ஆடு எடம் பாத்துருச்சு."