நடித்துக் காட்டிய நாள்

"அன்னைக்குக் கத்தின மாதிரியே கத்துய்யா!" என்று இன்ஸ்பெக்டர் அதட்டினார். "சத்தமே போடல சார், அவளாத்தான் கால் தவறி விழுந்தா" என்று மாடிப்படி உச்சியில் நின்று முனகினான் குமரகுரு. போன வாரம் அந்தப் படியில் உருண்டு செத்த அவன் மனைவி பூங்கோதையின் இடத்தில் பெண் போலீஸ் ரெஜினா நின்றாள். நடந்ததை அப்படியே நடித்துக் காட்ட வேண்டுமாம். காம்பவுண்டுக்காரர்கள் நாங்கள் பதினோரு வீடும் கீழே கூடியிருந்தோம். போகாவிட்டால் நன்றாகவா இருக்கும்?

"பொய் சார்! 'தொலைஞ்சு போடி'ன்னு கத்தினான்" என்று திருத்தினார் மூன்றாம் வீட்டு வசந்தகோகிலம் அக்கா. "அவ, 'தலைமுடிய விடுங்க'ன்னு அழுதா." "மூணு தடவை" என்றேன் நான். இதிலெல்லாம் எனக்குத் தப்பு வராது. "'யாராவது வாங்களேன்'னும் கூப்பிட்டா" என்று எதிர்வீட்டுக்காரர் எடுத்துக்கொடுத்தார்.

ரெஜினா எங்களைப் பார்த்துச் சொன்னாள்: "யாராவது வாங்களேன்."

ஒருவரும் அசையவில்லை.

"சரி, சாட்சிக் கையெழுத்து யார் போடுறீங்க?" என்றார் இன்ஸ்பெக்டர். ஒருவருக்கு அடுப்பில் பால் இருந்தது. ஒருவருக்குப் பேருந்துக்கு நேரமாகிவிட்டது. எனக்குக் கண்ணாடியைக் காணவில்லை.

சாட்சி இல்லாமல் வழக்கு நிற்கவில்லை. ஆவணியில் குமரகுருவுக்கு மறுபடி கல்யாணம் நடந்தது. பந்தியில் அவியல் பிரமாதம். பெண்ணுக்கு இருபத்திரண்டு வயது, அதே மாடிக்குத்தான் குடிவந்தாள். ஐப்பசியில் வசந்தகோகிலம் அக்கா மட்டும் வீட்டைக் காலி செய்துவிட்டார். சத்தம் ஒத்துக்கொள்ளவில்லையாம்.