ஒற்றை இருக்கை

மனைவி கோபித்துக்கொண்டு அண்ணன் வீட்டுக்குப் போய் ஒரு வருடமாகிவிட்டது. இனி பின்னால் உட்கார ஆளில்லை என்று, அவன் பைக்கின் நீள இருக்கையைக் கழற்றிப் போட்டுவிட்டு, ஒருவர் மட்டும் உட்காரும்படி ஃபைபர் கிளாஸில் புதிய பின்பாகத்தைக் கூடத்திலேயே செய்தான். இறுகியதும் உப்புத்தாளால் தேய்த்தான். கண்ணாடித் தூள் வெறுங்கையில் அப்பியும் அரிப்பே எடுக்கவில்லை.

அப்போது அவள் போன் செய்தாள்.

“உடம்பெல்லாம் அரிக்குது. ரெண்டு தடவ குளிச்சுட்டேன். துண்டுல கண்ணாடித் தூளா மின்னுது. என்ன பண்ணிட்டிருக்கீங்க?”

அவன் இந்த வேலையைப் பற்றி யாரிடமும் மூச்சு விடவில்லை.

“சும்மாதான் இருக்கேன்.”

“தாங்க முடியலங்க. நிறுத்திடுங்க.”

இந்த ஒரு வருடத்தில் அவள் அவனிடம் கேட்டது அது ஒன்றுதான்.

போனை வைத்தான். இன்னும் சொரசொரப்பான தாளாகப் பார்த்து எடுத்துக்கொண்டு, நிதானமாகத் தேய்க்கத் தொடங்கினான்.