பனையும் வேலிக்கம்பும்

பனந்தோப்பில் குடியேற வருஷத்துக்கு ஒருவருக்குத்தான் இடம். கேட்டு வருகிறவர்கள் பத்து தடவை ஏறிக் காட்ட வேண்டும். எதில் ஏறுவது என்பது அவரவர் இஷ்டம். தோப்பின் தலைவரான காக்கை எண்ணிப் பார்த்து ஆளைச் சேர்த்துக்கொள்ளும்.

அணில் பனையில் ஏறியது. இரண்டு தடவை வழுக்கிவிட்டதால் எட்டுதான் தேறியது. ஓணான் வேலிக்கம்பில் பத்துக்குப் பத்து ஏறிவிட்டது.

"ஓணானுக்குத்தான் இடம்," என்றது காக்கை.

"அது இடுப்பு உயரக் கம்புங்க! நான் ஏறினது பனை!" என்று அணில் குதித்தது.

"எட்டைவிடப் பத்து பெரிசு. அவ்வளவுதான்."

அணிலுக்கு வயிறு எரிந்தது. 'பனையில் ஏறி என்னத்தைக் கண்டேன்?' என்று வருஷம் முழுக்க வேலிக்கம்பிலேயே பழகியது. தோப்புக்குள் போன ஓணானோ, பனையில் கால்வாசிகூட ஏற முடியாமல் ஒரே வாரத்தில் வெளியே வந்துவிட்டது. அந்த வெட்கத்தில், வேலிக்கு வெளியே நின்ற ஒற்றைப் பனையில் தினமும் ஏறுவதும் விழுவதுமாகக் கிடந்தது.

மறுவருஷம் அணில் கம்பில் பத்துக்குப் பத்து ஏறியது. ஓணான் பனையில் ஆறு தடவை ஏறியது.

"போன வருஷம் பட்டது போதும்," என்றது காக்கை. "இனிமேல் பனையில் ஏறினால் ஒன்றுக்கு இரண்டு. ஓணானுக்குப் பன்னிரண்டு."

அணிலுக்குத் தூக்கிவாரிப்போட்டது. "ஐயா, எனக்கும் பனை ஏறத் தெரியுமே!"

"தெரியும் தம்பி," என்றது காக்கை. "போன வருஷம் நான்தானே பார்த்தேன்."