கரையில் விழுந்த வெடிப்பு

ஏரிக்கரைக்குள் வளை தோண்டி வாழ்ந்த ஓர் இளம் நண்டு, கரையில் விழுந்திருந்த வெடிப்பை மூன்று மாதமாகத் தன் கொடுக்கால் அளந்துவந்தது. அடுத்த பெருமழையைக் கரை தாங்காது என்று அதற்குத் தெரிந்துபோயிற்று. கரைக்குக் கீழே வயலில் எலிகள் குட்டிகளோடு குடியிருந்தன.

அந்த ஏரிக்குத் தலைவன் எருமை. அதன் சபையில் எப்படிப் பேசுவதென்று நண்டுக்குத் தெரியவில்லை. பேச்சில் தேர்ந்த மைனா உதவிக்கு வந்தது.

"கரை உடையும்னு சொல்லாதே தம்பி, தலைவருக்குப் பிடிக்காது. கரையைக் கொஞ்சம் கவனிக்கலாம்னு சொல்லு."

"ஆனா உடையுமே அக்கா!"

"உடையும்தான். முதல்ல உன்னை உள்ளே விடட்டும். மத்ததை அப்புறம் பார்த்துக்கலாம்."

நண்டு மைனா சொன்னபடியே பேசியது. எருமைக்கு மிகவும் பிடித்துப்போயிற்று.

"இந்த வயசுல என்ன தெளிவு! மழைக்காலம் முடிஞ்சதும் கவனிப்போம்" என்றது.

கூடியிருந்த எலிகளும் கைதட்டின. நண்டுக்குப் பெருமையாக இருந்தது. அது மேற்கொண்டு ஒன்றும் சொல்லவில்லை.

பதினோராம் நாள் பெருமழை பிடித்துக்கொண்டது. நண்டு அளந்த அதே இடத்தில் கரை உடைந்தது.

வெள்ளம் வடிந்தபின், ஒரு தாய் எலி சேற்றைத் தோண்டித் தன் குட்டிகளைத் தேடிக்கொண்டிருந்தது. நண்டு தயங்கித் தயங்கி அருகே போனது.

"எனக்கு முன்னாடியே தெரியும்" என்றது மெதுவாக.

தாய் எலி நிமிர்ந்து பார்த்தது.

"அன்னிக்கு நீ பேசினப்ப நானும் சபையிலதானே உட்கார்ந்திருந்தேன் தம்பி" என்று சொல்லிவிட்டு, மறுபடி தோண்ட ஆரம்பித்தது.