சரிவுக்கு ஏற்ற இயந்திரம்

கைப்பிடியைப் பிடித்துப் பொத்தானை அழுத்தினான். ஸ்னோ தள்ளும் இயந்திரம் ஓடியது.

மேசை விசிறியின் சத்தம்தான்.

“பற்றரியில ஓடுறது அண்ணா. விடிய வெள்ளனவே போட்டாலும் வீட்டில ஒருதரும் எழும்ப மாட்டினம்,” என்றாள் கடைப்பெண்.

அவனுக்குச் சுருக்கென்றது. அவளுக்கு என்ன தெரியும், பாவம்.

அவன் வீட்டு டிரைவ்வே இரண்டு கார் நிற்கும் நீளம்கூட இல்லை. ஆனால் செங்குத்து. கராஜிலிருந்து தெருவுக்கு ஒரே சறுக்கு. பனி கொட்டிய நாளில் தபால்காரர்கூட ஏறி வர யோசிப்பார்.

அதைச் சொன்னதும் அவளும் யோசித்தாள். இந்தச் சின்ன இயந்திரம் ஏற்றத்தில் முக்கும், ஆள்தான் தள்ளிக்கொடுக்க வேண்டும். பெற்றோலில் ஓடும் பெரியது தானே ஏறும், ஆனால் அந்தக் குட்டை இடத்தில் அதைத் திருப்பி எடுப்பதற்குள் இடுப்பு விட்டுப்போகும் என்றாள்.

இடுப்பு என்றதும் அவன் திரும்பி மாமாவைப் பார்த்தான்.

மாமா, அவன் மனைவி சுகிர்தாவின் அப்பா, வரிசையின் கடைசியில் நின்றார். ஒரு கையில் ஊன்றுதடி. மற்றக் கையால் ஒரு பெற்றோல் இயந்திரத்தின் தூசியைத் துடைத்துக்கொண்டிருந்தார். யாரும் அவரைத் துடைக்கச் சொல்லவில்லை. அவருக்குக் கை சும்மா இருக்காது.

அதுதானே வினை.

மகளைக் கட்டிக்கொடுத்த வீட்டில் சும்மா இருந்து சாப்பிட்டால் அவருக்குச் சோறு இறங்காது. கனடாவுக்கு வந்த முதல் பனிக்காலத்திலேயே பனி அள்ளும் சவளைத் தூக்கிவிட்டார். மருமகன் எழும்பி வரும்போது கார் போகும் வழி துப்புரவாக இருக்கும். பார்த்துப் பார்த்து உப்பும் தூவியிருப்பார்.

“அப்பாவை மறியுங்கோவன்,” என்று சுகிர்தா கரைச்சல் கொடுப்பாள்.

“சொன்னாக் கேட்டாத்தானே,” என்பான்.

அவன் சொன்னதே இல்லை.

படுக்கையில் கிடந்து கேட்டுக்கொண்டிருப்பான். சீமெந்தில் சவள் உரசும் சத்தம். சர்ர். பிறகு கொஞ்சம் மூச்சு வாங்கும் இடைவெளி. மறுபடி சர்ர். மனுசனுக்கு அது ஒரு தேகப்பயிற்சி என்று தனக்குத்தானே சாக்குச் சொல்லிக்கொண்டு போர்வையைக் காதுவரை இழுத்துவிடுவான். வெதுவெதுப்பான போர்வைக்குள் எந்தச் சாக்கும் நியாயமாகத்தான் தெரியும்.

போன பனிக்காலம், சுகிர்தா வேலைக்குப் போயிருந்த ஒரு காலையில், அந்தச் சத்தம் பாதியில் நின்றது.

அவன் விழித்துத்தான் இருந்தான்.

அப்பாடா என்று நினைத்தான். மற்றப் பக்கம் திரும்பிப் படுத்தான்.

எதிர்வீட்டுக்காரி வந்து மணி அடிக்கும்வரை மாமா சரிவின் அடியில் கிடந்தார். இடுப்பெலும்பு முறிந்து, கூப்பிடக் குரலும் வராமல், பனிக்குள்.

ஆஸ்பத்திரிக்குப் பார்க்க வந்தவர்களிடமெல்லாம் மாமா ஒன்றைத்தான் சொன்னார்.

“தம்பி பாவம், நல்ல நித்திரை. முழிச்சிருந்தா ஓடி வந்திருப்பார்.”

அதைக் கேட்டதும் அவன் சுடுதண்ணீர்ப் போத்தலை எடுத்துக்கொண்டு வெளியே போய்விடுவான். நிறைந்த போத்தலைக்கூட எடுத்துக்கொண்டு போயிருக்கிறான்.

“அண்ணா?” கடைப்பெண் காத்துக்கொண்டிருந்தாள்.

“பாவிக்கிற ஆள் சறுக்கி விழுந்தா?”

“பிடியை விட்ட உடனே சுத்துறது நிண்டிடும். எல்லாத்திலயும் அப்பிடித்தான்.”

தலையாட்டினான். 

“அப்ப இந்தப் பற்றரியையே எடுப்பம். சத்தமில்லாதது நல்லம்.”

ஏன் நல்லம் என்று அவள் கேட்கவில்லை. அயலவர் யாராவது பனி வழிக்கும் சத்தம் கேட்டாலே இப்போதெல்லாம் அவனுக்கு நித்திரை போய்விடுகிறது. சத்தமில்லாத ஒன்று வீட்டில் இருந்தால் நிம்மதியாகப் படுக்கலாம் என்று நினைத்திருந்தான். நினைத்ததை இப்போது நினைக்க அவனுக்கே வெட்கமாக இருந்தது.

“தம்பி.”

மாமா பெற்றோல் இயந்திரத்தின் பின்னால் நின்றார். தடியை அதன்மேல் சாய்த்து வைத்திருந்தார். கைப்பிடியின் திருகாணியைக் கழற்றித் தன் உயரத்துக்கு இறக்கி, இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டிருந்தார்.

“அது வேண்டாம். இதை எடுங்கோ.”

“அது சரியான சத்தம், ஐயா,” என்றாள் கடைப்பெண்.

“அதுக்குத்தான் பிள்ளை.” மாமா சிரித்தார். “சவள் நிண்டது ஒருதருக்கும் கேக்கேல்லை. இது நிண்டா கேக்கும்.”

அவன் அவர் முகத்தில் குத்தலைத் தேடினான். இல்லை. இருந்திருந்தால் எவ்வளவோ நன்றாக இருந்திருக்கும்.

 

கிட்டப் போய்த் தடியை எடுத்து மாமாவின் கையில் கொடுத்தான். திருகாணியைத் தளர்த்தினான். கைப்பிடியைத் தன் உயரத்துக்கு ஏற்றினான். அது இப்போது மாமாவின் நெஞ்சுக்கு நேரே நின்றது. திருகாணி சரியாக இறுகவில்லை.

மாமா அவனைப் பார்த்தார். கைப்பிடியைப் பார்த்தார்.

தடியை மற்றக் கைக்கு மாற்றினார். கையை நீட்டி, அந்த உயரத்திலேயே திருகாணியை அவரே இறுக்கிவிட்டார்.