துரை தேடிய கடற்கரை

ராஜப்பா மேஸ்திரி வீசிய புளியம் விளார் மங்கம்மாவின் முதுகைக் கிழித்தது. ரவிக்கையில் ரத்தம் கசிந்தது.

"சொல்லுடி! ஓடையில அள்ளின கருமணலத் தட்டுல கலக்கினவ நீதானே? தொரையையே ஏமாத்துறியா?"

மேஸ்திரிக்குத் துரைமேல் விசுவாசமென்றால் அப்படியொரு விசுவாசம்! துரைக்கு மொழிபெயர்க்கும் துபாஷி பர்னபாஸ்தான் குறுக்கே வந்து நின்றார்.

கோலார் தங்க வயலில் ஊரே பாறையைக் குடைந்து தங்கம் தேட, இந்தத் துரை கோரமண்டல் சுரங்கத்துக்குக் கிழக்கே கடற்கரையைத் தேடினார். ஆதியில் இங்கே கடல் இருந்ததாம். அலை தங்கத்தோடு ஒதுக்கிய கருமணல் மண்ணுக்கடியில் கிடக்கிறதாம். மொட்டைத் தலைக்கும் முழங்காலுக்கும் முடிச்சுப் போடுகிறாரே என்று கூலிகள் சிரித்தார்கள்.

வெட்டிய மண்ணை மரத்தட்டில் அலசுவது மங்கம்மாவின் வேலை. எந்தக் குழி மண்ணில் கருமணல் தங்குகிறதோ, அந்தப் பக்கமே அடுத்த குழி. பத்தே நாளில் குழிகள் தூரத்தில் நின்ற ஒற்றைப் புங்கமரத்தை நெருங்கிவிட்டன.

"ஐயா, தொரைகிட்ட சொல்லுங்க" என்று மேஸ்திரி மூச்சிரைத்தான். "இவகூட வாழ முடியாமத்தான் இவ புருசன் காத்தவராயன் ரெண்டு மாசம் முன்னாடி ரயிலேறி ஓடிப்பூட்டான். இவள நம்பி இன்னும் குழி வெட்டணுமா? கூடாரத்தப் பிரிச்சிடலாங்க."

பர்னபாஸ் மொழிபெயர்த்தார். துரை யோசித்துச் சொன்ன பதிலை, தயங்கித் தயங்கித் தமிழில் சொன்னார்.

"புங்கமரத்தடியில இன்னொரு குழி. வேற ஆள் அலசட்டும். கருமணல் இல்லன்னா இவளுக்கு ஜெயிலு."

"குழி எதுக்குங்க? இவளையே ஒத்துக்க வைக்கிறேன்!"

மேஸ்திரி பாய்ந்து அவள் கழுத்தை நெரித்தான். தலையைப் பாறையில் மோதினான். நாலு பேர் சேர்ந்து இழுத்த பிறகுதான் விட்டான்.

பர்னபாஸ் குனிந்தார். "உண்மையச் சொல்லிடும்மா. தொரைகிட்ட நான் கெஞ்சிப் பாக்குறேன்."

"வெட்டட்டுங்க" என்றாள்.

கூலியாள் முனியப்பன் கடப்பாரையோடு இறங்கினான். மூன்றடிகூட வெட்டியிருக்க மாட்டான். அலறிக்கொண்டு மேலே ஏறி வந்து, குடல் வெளியே வருவதுபோல வாந்தியெடுத்தான்.

"இன்னாடா, கருமணலா?" என்று பர்னபாஸ் பதறினார்.

மங்கம்மா உதட்டு ரத்தத்தைத் துடைத்துக்கொண்டு, மேஸ்திரியை முறைத்தபடி எழுந்தாள்.

"இல்லீங்க ஐயா. எம் புருசன்."