முதல் எழுத்து மங்கிவிட்டது

நேற்று வரை நம் பக்கத்தில் உட்கார்ந்து கோஷம் போட்டவர், இன்று எதிராளி கட்சியின் துண்டைத் தோளில் போட்டுக்கொண்டு வந்து நின்றால், அவரை நீங்கள் என்னவென்று சொல்வீர்கள்?

எங்கள் குப்பத்தில் அன்று வார்த்தைக்குப் பஞ்சமே இல்லை. கருங்காலி, பச்சோந்தி, விலைபோனவன் என்று ஆளுக்கு ஒன்றாகச் சொன்னார்கள். கடைசியில் என் வீட்டுக்காரர் வெற்றிதான் முடிவாகச் சொன்னார்.

"துரோகின்னு எழுது மங்கை. ஏலத்துக்கு வர்றவன் எல்லாம் பாக்கணும். பெருசா எழுது."

ஏலக்கூடத்துக் கரும்பலகையில் எழுதுவது என் வேலை. என் எழுத்து உருண்டையாக இருக்குமாம். ஊர்ப் பஞ்சாயத்து கொடுத்த பதவி. இன்று வஞ்சிரம் என்ன விலை, கூட்டம் எத்தனை மணிக்கு, எல்லாம் எழுதுவேன். ஊர்க்கட்டுப்பாட்டை மீறினவர் பேரும் அதில்தான் ஏறும். ஏறிவிட்டால் அவர் மீனை இங்கே யாரும் ஏலம் விடமாட்டார்கள். அவரோடு பேசவும் மாட்டார்கள்.

அன்று ஏறின பேர் திலீப். வெற்றியோடு பத்து வருஷம் ஒரே படகில் கடலுக்குப் போன தோஸ்து.

கழிமுகத்தில் குழாய் பதிக்க வந்த கம்பெனியை எதிர்த்து ஒரு மாதமாகப் பந்தலில் உட்கார்ந்திருந்தோம். கம்பெனிக்குப் பரிந்து பேசும் கட்சியின் வாசலை யாரும் மிதிக்கக்கூடாது என்பது கட்டுப்பாடு. வெற்றி மைக் பிடித்தால் ஊரே எழுந்து நிற்கும். அப்படி எழுந்த கூட்டம் ஒருநாள் கம்பெனி லாரியை உடைத்துவிட்டது. போலீஸ் வந்து பேர் கேட்டுவிட்டுப் போனது. அடுத்த நாளே திலீப் அண்ணன் துண்டு மாற்றிவிட்டார்.

நான் எழுதும்போது அவரும் ஓரமாக நின்றிருந்தார். அழுத்தி எழுதியதில் சாக்பீஸ் உடைந்து அவர் காலடிக்கு உருண்டது. எடுத்து என்னிடம் நீட்டினார்.

"கொஞ்சமாச்சும் வெக்கம் இருக்குதா பாரு" என்றார் வெற்றி.

மூன்று நாளாகியும் போலீஸ் வெற்றியைத் தேடி வரவில்லை. எனக்கு அதுவே பயமாக இருந்தது. அவருக்குத் தெரியாமல், எட்டு மாதப் பிள்ளையை இடுப்பில் வைத்துக்கொண்டு ஸ்டேஷனுக்குப் போனேன். அங்கே கான்ஸ்டபிளாக இருக்கும் சாபிரா அக்கா, எர்ணாவூரில் என் அம்மா வீட்டுக்குப் பக்கத்து வீடு. என்னை வெளியே மரத்தடிக்குக் கூட்டிப்போனார்.

லாரி கேஸில் முதல் பேரே வெற்றிதானாம். பேருக்கு எதிரே 'கூட்டத்தைத் தூண்டிவிட்டவர்' என்று எழுதியிருந்ததாம். பிடித்திருந்தால் வெளியே வர ஒரு வருஷம் ஆகியிருக்குமாம்.

"இப்ப அந்தப் பேர் இல்ல. திலீப்பு கட்சிக்காரங்க கால்ல போய் விழுந்தாரு. எங்க துண்டப் போட்டுகினு போட்டோவுக்கு நில்லு, உன் தோஸ்து பேர எடுத்துடுறோம்னாங்க. உனக்குத் தெரியாதா?"

நான் வீட்டுக்குப் போகவில்லை. நேராக ஏலக்கூடத்துக்குப் போனேன். முந்தானையைத் தண்ணீரில் நனைத்துப் பலகையில் வைத்தேன்.

"இன்னா மங்கை பண்றே?"

திலீப் அண்ணன். தலையில் மீன்கூடை. இங்கே விற்க முடியாததால் தினமும் காசிமேட்டுக்குப் பஸ் ஏறுகிறார்.

சாபிரா அக்கா சொன்னதைச் சொன்னேன். எனக்கு அழுகை வந்துவிட்டது. என்னைப் பார்த்துப் பிள்ளையும் அழுதது. அவர் கூடையை இறக்கிவைத்துவிட்டு, பக்கத்தில் யாராவது இருக்கிறார்களா என்று பார்த்தார்.

"அழிச்சா ஏன்னு கேப்பான். நீ சொல்லிடுவே. அடுத்த நிமிஷமே, நான்தான் தூண்டுனேன், என்னைப் புடின்னு ஸ்டேஷன்ல போய் நிப்பான். பத்து வருஷமா அவன்கூட படகுல போறேன், அவன எனக்குத் தெரியாதா?"

பிள்ளையின் கண்ணைத் துடைத்துவிட்டார். அப்புறம் பலகையைப் பார்த்தார். 'துரோகி'யில் என் ஈர முந்தானை பட்ட இடம் கலைந்திருந்தது.

கீழே கிடந்த சாக்பீஸைத் தேடி எடுத்து என்னிடம் நீட்டினார்.

"மொத எழுத்து மங்கிப்போச்சு தங்கச்சி. அவன் வர்றதுக்குள்ள நல்லா எழுதிடும்மா."